அண்மை அகச்சிவப்பு

காலை பத்துக்கு முன் அளக்கக் கூடாது, நிழல் நீளம்.
இரண்டுக்குப் பின்னும் கூடாது, அதே நிழல்.
நவம்பரில் அளக்கவே கூடாது:
டெல்லியின் வானம் அப்போது வானமல்ல,
யாரோ கழுவாமல் விட்டுப்போன பால்சட்டி.

மிச்சமிருக்கும் நாட்களில்
அசோலாவின் முள்ளுக்குள் நுழைகிறோம்
நானும் லால்ரின்புயியும்.
என் முதுகில் நிறமாலைமானி,
அவள் கையில், உறை போட்டு, வெண்தகடு.

எந்த இலையையும் தொடுமுன்
தகட்டைத்தான் அளக்க வேண்டும்.
விழுந்த ஒளியை அப்படியே திருப்பித் தருவது
இந்தக் காட்டில் அது ஒன்றுதான்.
மற்ற எல்லாரும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறார்கள்.
எவ்வளவு வைத்துக்கொண்டாய் என்று
மரம் மரமாகப் போய்க் கேட்பதற்கு
முனைவர் பட்டம் தருகிறார்கள்.
ஐந்தாம் வருஷம் இது.
மூன்று மாதமாக உதவித்தொகை வரவில்லை.
அதை யார் வைத்துக்கொண்டார்கள் என்று அளக்க
கருவி இல்லை.

இலை சிவப்பைத் தின்கிறது.
பச்சையில் கொஞ்சம் சிந்துகிறது,
சிந்தியதைப் பார்த்து நாம் பெயர் வைத்துவிட்டோம்.
கண்ணுக்கு எட்டாத இன்னொன்றை
பாதிக்குப் பாதி வாரி இறைக்கிறது.
ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு அது வெறும் எண்,
எண்ணூற்று நாற்பது நானோமீட்டர்.
தமிழில் யாரோ,
பாடநூல் குழுவின் ஏதோ ஒரு மதியக் கூட்டத்தில்,
ஊதாவுக்குப் புறத்தைக் கொடுத்துவிட்டு
சிவப்புக்கு அகத்தைக் கொடுத்திருக்கிறார்.
அவருடைய தேநீர் ஆறிப்போயிருக்கும்.
மரம் தன் அகத்தை ஒளிப்பதே இல்லை.
பட்டப்பகலில், எல்லார் முகத்திலும் வீசுகிறது.

பதினேழாம் திடலில் ஒரே மரம், நூற்று நாற்பது தடவை.
வனக்காவலர் ஓம்வீர் அதை விலாயத்தி கீக்கர் என்கிறார்.
நான் சீமைக்கருவேலம் என்கிறேன்.
இரண்டு மொழியிலும் அது வெளியூர்க்காரன்.
பதிலுக்கு அது வருஷம் முழுக்கப் பச்சை.
செயற்கைக்கோளுக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.
பத்து மீட்டர் சதுரம், ஓட்டையில்லாத பச்சை,
முழு மதிப்பெண்.

மூன்றாம் திடலில் புரசு, வெள்வேல், இலந்தை,
பெயர் பிடிபடும்வரை 'அந்தக் கோணல்' என்று
நாங்கள் கூப்பிட்டுவந்த ஒன்று.
மார்ச்சில் புரசு இலையெல்லாம் உதறிவிட்டு
பூவாக மட்டும் நின்றது.
என் லேப்டாப்புக்குள்ளும் ஒரு காடு வளர்க்கிறேன்,
கணக்கு முறைக்கே தற்செயல் காடு என்று பெயர்,
ஐந்நூறு மரங்கள், மரத்துக்கு ஒரு வாக்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில்
பூத்த புரசு
துருப்பிடித்த தகரக் கூரையாகத் தேர்வானது.

தலைநகரம்தானே, நடக்கும் என்றாள் லால்ரின்புயி.

மழை முடிந்து, புதைத்த சருகுப் பைகளைத் தோண்டினோம்.
பதினேழில் பாதிக்கு மேல் வைத்தபடியே.
மூன்றாம் திடலின் பையில் சருகே இல்லை.
சுருண்டு படுத்திருந்த ஒரு மரவட்டை,
வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களை.

ஏப்ரலில் ஒரு நாள் குரங்கு வெண்தகட்டைத் தூக்கிக்கொண்டது.
இரண்டு ஆரஞ்சு கொடுத்து மீட்டோம்.
நடுவில் சேறும் இலந்தைச் சதையுமாய் ஐந்து விரல்.
அதைக் கவனித்தது மாலையில்தான்.
அதற்குள் முப்பத்தொரு மரங்களை
அந்தக் கைக்கு எதிரே அளந்து முடித்திருந்தோம்.
அன்று எல்லா மரங்களும்
இருப்பதைவிடக் கொஞ்சம் வெளிச்சம்.

தூக்கிப் போடு என்றார் பேராசிரியர் சப்ரா. சரிதான்.
ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.
அழிக்கவும் இல்லை,
'கை' என்ற பெயரில் கிடக்கிறது.

தகட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியாயிற்று.
நாளை பத்துக்குள் மேகம் விலகினால்
அந்தக் கோணலிடம் போக வேண்டும்.
அது மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.