ஐந்தாம் பத்தி

இரவு பதினொன்றே கால், புளியந்தோப்பு.
‘அரசியல் மொழி’ கட்டுரைக்கு
நாற்பத்திரண்டு சான்றுகள், ஒன்பது பேரின் கை.
ஜெபக்கனி ‘தயார்’ என்று போட்டுவிட்டாள்.
ஃபக்ருதீன் ஒரு காற்புள்ளியை நகர்த்திவிட்டு
அவரும் தயார்.
மிச்சம் என் ஒரு சொல்.

‘விலையில்லா’ வந்துவிட்டது, ‘மாபெரும்’ வந்துவிட்டது,
தேர்தலுக்குத் தேர்தல் சூளுரைத்தவர்கள்
அடிக்குறிப்பில் வரிசையாக நிற்கிறார்கள்.

ஐந்தாம் பத்தியில் கண் நின்றது:
கரையோரக் குடியிருப்புகள் அகற்றப்பட்டன.
எடுத்துக்காட்டு என்றால் மேற்கோள்குறி இருக்கும்.
இல்லை. இது நாங்களே எழுதிய வரி.
யார் எழுதியது என்று வரலாற்றைத் திறந்தேன்.
நான்தான். மார்ச்சில், ஒரு மதியம்,
டீ ஆறுவதற்குள்.

அகற்றப்பட்டன.
பொக்லைன் தானே சாவி போட்டுக்கொண்டு
வந்ததுபோல.

பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
இன்னமும் இதே தெருவுக்குப்
பாத்திரம் தேய்க்க வருகிறார் தெய்வானையக்கா.
கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார்
யார், எத்தனை மணிக்கு,
கையில் என்ன காகிதம் என்று.
அதற்குச் சான்று எங்கே என்பார்கள்.
நானே கேட்பேன்.

கீழே வரவேற்பு வளைவுக்கு
யாரோ ரோட்டைக் குத்துகிறார்கள்.
ணங், ணங்.
விடிந்தால் அது தோண்டப்பட்ட குழி.

‘இன்னும் இல்லை’ என்று தட்டினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்:
எழுவாயைக் காணோம்.