முப்பத்து மூன்று டிகிரி

வெயிலூரில் போய் தண்ணிக்குச் சூடு வைக்கிறாளாம்!
பாகாயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சிரிப்பாள்.
அவளுக்குத் தெரிந்தது அக்னி நட்சத்திரம்.
மார்கழி விடியலில் வந்து பார்க்கட்டும்,
மலையிலிருந்து இறங்கி
எங்கள் மருத்துவக் குளத்தின் ஓரம்
செருப்பில்லாமல் நிற்கும் குளிரை.

ஐ.டி.ஐ.யில் நான் படித்தது குளிர்சாதனம்.
கிடைத்தது சூடாக்கும் உத்தியோகம்.
பிரிட்ஜை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால்
ஹீட் பம்ப், அவ்வளவுதான்.
காற்றில் கிடக்கும் சூட்டை அள்ளித்
தண்ணீரில் கொட்டும்;
சுமைகூலியை மட்டும் கரண்ட்டில் கேட்கும்.
ராத்திரிக் காற்றில் அள்ள என்ன இருக்கிறது?
மூச்சு வாங்கும், மீட்டர் பறக்கும்.
பதினொன்றிலிருந்து நாலு வரை ஓட்டினால்
அதே சூடு, பாதிக் கூலி.
இதை எந்த மெக்கானிக்கும் சொல்லவில்லை.
ஒரு பழைய டைரியில்
தினம் மூன்று வேளை மீட்டரை எழுதி எழுதி
நானே கண்டுபிடித்தேன்.

பில்லோடு வந்தார் கணக்குப் பிரிவு தேவாசீர்வாதம் சார்.
"எஸ்தர், முப்பதில் வைத்தால் யாராவது செத்தா போவார்கள்?"
சாகமாட்டார்கள் சார்.
ஒடுகத்தூரில் புளி உலுக்க ஏறி
கிளையோடு வந்த சிட்டிபாபு இருக்கிறாரே,
முப்பதில் இறக்கினால்
அவர் கால் இரண்டும் உலக்கையாகிவிடும்.
நஸ்ரின் மேடம் மடக்கப் பார்ப்பார்,
அவர் பல்லைக் கடித்துக்கொண்டு
கூரையின் தகரங்களை எண்ணுவார்.

டிகிரியில் கை வைக்காதீர்கள்,
சூடு திருடுபோகும் வழி மேலே இருக்கிறது என்றேன்.
ஆவி. ராத்திரி முழுக்க ஆவி.
மூடி போட்டு வைக்காத குழம்பு மாதிரி.
ஒரு குமிழ்த் தாள் வாங்கிக் கொடுங்கள்.
மூன்று மாதம் கழித்து வந்தது, நீலமாய், பேரம் பேசப்பட்டு.
அந்த மாத பில்லை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார் சார்.
பாராட்டவில்லை. பேனாவை மட்டும் மூடினார்.

பிறகுதான் குரங்குகள் வந்தன.
குமிழை அமுக்கினால் டப்பென்று வெடிக்கும் என்பதை
ஒன்று கண்டுபிடித்து
ஊருக்கே சொல்லிவிட்டது போல.
காலையில் தாள் பாதி தண்ணீரில், பாதி வேப்பமரத்தில்.
இருபத்தொன்பது.
ஏழு மணிக்கு, வேறு வழியில்லாமல், சுவிட்சைப் போட்டேன்.

"நாற்பதில் வைங்கக்கா, சீக்கிரம் ஏறும்" என்றான்
பயிற்சிக்கு வந்த பையன்.
அடுப்பா இது, தீயைத் தூண்ட?
மணிக்கு அரை டிகிரி.
நாற்பது கேட்டாலும் அதே நடைதான்,
என்ன, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.
அவனிடம் பிரஷைக் கொடுத்து
பெட்டியின் தகட்டு இடுக்கில் அடைந்திருந்த
கிரஷர் தூசியைத் தேய்க்கச் சொன்னேன்.
ஃபில்டரை நான் கழுவினேன்.

ஒன்பது மணிக்கே வந்துவிட்டார் சிட்டிபாபு,
இரண்டு பஸ் மாறி, தம்பி தோளில்.
நாளைக்கு வாங்கண்ணே என்றேன்.
"நாளைக்கும் ரெண்டு பஸ்தானேம்மா."
சக்கர நாற்காலியைக் குளத்தோரம் தள்ளச் சொல்லி
தெர்மாமீட்டர் மேலே கண்ணாக உட்கார்ந்தார்,
கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவர்போல்.
முப்பதுக்கு ஒரு இட்லி.
முப்பத்தொன்றில் தூங்கிவிட்டார்.
முப்பத்திரண்டில் எழுந்து
யார் ஜெயித்தது என்றார்.

இரண்டு மணி. முப்பத்திரண்டரை.
"போதும்மா, அரை நான் போட்டுக்கறேன்."
இறக்கினோம்.
தரையில் உதறிக்கொண்டே இருக்கும் கால்கள்
தண்ணீர் தொடையைத் தொட்டதும்
ஒவ்வொன்றாய்ப் பேச்சை நிறுத்தின.
அவர் மல்லாந்து கிடந்தார்.
நஸ்ரின் மேடம் கையை எடுத்ததுகூட அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு மீட்டரில் நாற்பத்தியொரு யூனிட் அதிகம்.
எழுதினேன், காரணத்துக்கு நேரே: குரங்கு.
மாலையில் கிழிசலுக்கு டேப் ஒட்டி
ஓரமெல்லாம் செங்கல் வைத்து மூடினேன்.

மறுநாள் தாளைச் சுருட்டும்போது
அதன் அடிவயிறு முழுக்கத் துளிகள்.
ராத்திரி கிளம்பிப் போகப் பார்த்தவை.
ஒரு உதறு உதறினேன்,
திரும்பக் குளத்துக்குள்ளேயே.