கிணறு இலக்கம் நூற்றுப்பதினான்கு

வாளியைப் போடக்கூடாது, இறக்கவேணும்.
சத்தம் கேட்டால் குடம்பிகள் அமிழ்ந்துவிடும்,
நிழல் விழுந்தாலும் அமிழ்ந்துவிடும்.
வெயிலுக்கு முகம் கொடுத்து நின்று
கயிற்றைச் சாண் சாணாய் விடுகிறேன்.

குருநகர். காலை ஏழே முக்கால்.
கடல் கூப்பிடு தூரத்தில்,
கிணற்றில் பாதி உப்பு.

"மலேரியா நாட்டிலயே இல்லையெண்டு
சேட்டிபிக்கட் தந்தவங்களாமே, பிள்ளை?"
விளைமீனின் செதிலைச் சுரண்டியபடி
மரியநாயகி அக்கா.
ஓம் அக்கா, தந்தவங்கள்.
நோய்தான் போனது.
நுளம்பு போகேல்லை.
புதிசாய் ஒண்டு வந்தும் இருக்கு.

இதே புதிசை
எதியோப்பியாவில், திரே தாவாவில்,
செலமாவிற் என்றொருத்தி
சீமெந்துத் தொட்டிகளில் எண்ணுகிறாள்.
முகம் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மின்னஞ்சல்.
உங்கள் கிணறுகள் எத்தனை அடி?
மூடியிருக்கா?
பதினெட்டு, என்று எழுதினேன்.
வலை போட்டது, வலையில் ஓட்டை.
போன கிழமை அவள் எழுதியது:
மாணவர் விடுதி ஒன்றில் நாற்பத்தொரு பேர்.
அதற்குக் கீழே என் பூச்சியத்தைத் தட்டச்சுச் செய்யக்
கூச்சமாய் இருந்தது,
சாவீட்டில் சிரித்துவிட்டதுபோல.

இந்த வீட்டுக்கு இன்னுமொரு வேலையாகவும் வந்தேன்.
மகன் யூட் பிரதாபன்,
கனடா என்று போய்
டோகோவில் பதினொரு மாதம்,
ஒரு அறையில் பதினாறு பேர்,
ஏஜென்சி விழுங்கியது நாற்பத்திரண்டு லட்சம்.
வந்து ஒன்பது நாள்.
என் பையைப் பார்த்துக் கதவோடு நின்றான்.
பொலிஸ் இல்லைத் தம்பி, ஒரு துளி ரத்தம்தான்.

நான் கேட்குமுன்னே
இடது கையின் மோதிரவிரலை நீட்டினான்.

"அங்கயும் உந்த விரல்தான்.
அஃபி எண்டு ஒரு அக்கா, சைக்கிளில வாறவ.
பாஸ்போட் கேக்கேல்ல, விசா கேக்கேல்ல.
குளிசையை விழுங்குமட்டும் நிண்டு பாத்திட்டுத்தான் போவா.
நாக்கையும் தூக்கிக் காட்டச் சொல்லுவா.
அவவின்ர சின்னவன், போன மாரிக்கு..."

அக்காவின் கத்தி நின்றது.
அவன் கிணற்றைப் பார்த்தான்.
நான் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வட்டமாய்ப் பரப்பினேன்.
படிவத்தில் 'சென்ற நாடு' என்று ஒரு பெட்டி.
நாட்டை எழுதினேன்.
அஃபியை எழுத இடமில்லை.

வாளி மேலே வந்தது.
தலைகீழாய்த் தொங்கினால் வேறு சாதி, பாதகமில்லை.
தண்ணீரோடு தண்ணீராய்ப்
படுத்துக் கிடந்தால்தான் கவனம்.
மூன்று கிடந்தன.
அகப்பையைச் சரித்து அவனுக்குக் காட்டினேன்.
"இவ்வளவுதானா?" என்றான்,
நாற்பத்திரண்டு லட்சத்தைப் பார்ப்பதுபோல.

பொலித்தீன் பையில் இருந்த கப்பி மீன்களை
அவனே கிணற்றுக்குள் விட்டான்.
ஒன்று அவன் விரலில் ஒட்டி,
உதறியும் விழாமல் நின்று, பிறகு விழுந்தது.

பின்னேரம் கண்ணாடி சுத்தம்.
சுத்தம் என்றாலும் இருபத்தெட்டாம் நாள் திரும்பப் போகவேணும்.

வெள்ளி இரவு. கரண்ட் போய் வந்தது.
மூன்று, என்று எழுதினேன் செலமாவிற்றுக்கு.
ஆழம், உப்பு, வலையின் ஓட்டை.
அதன்பின் ஒரு வரி அடித்து, அழித்து,
திரும்ப அடித்தேன்.
ஒரு கண்டத்தின் இரண்டு ஓரம் என்று தெரிந்தும்
கேட்டேன்:

உன் ஊரிலிருந்து லோமே
எவ்வளவு தூரம்?