எலி மருந்து

ராத்திரி சக்கரம் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.
விடியக்காலம்
மரத்தூளுக்குள் சுருண்டு கிடக்கிறாள் குண்டுமணி,
வால்மாட்டில் ஈரம், ஒரு கண் ஒட்டிப்போய்.

வண்ணார்பேட்டை மருந்துக்கடையில்
எலிக்கு மருந்து கேட்டேன்.
"பசையா, கேக்கா?"
வளர்க்கிற எலி என்றேன்.
பின்னால் நின்றவர் இருமலை மறந்து சிரித்தார்.

ராமையன்பட்டி ஆஸ்பத்திரியில்
சினைமாட்டுக்கும் கன்னியாட்டுக்கும் நடுவே
வளையல் டப்பாவோடு நான்.
"சரியான எடை வேணும்மா,
ஒரு சொட்டு கூடினாலும் போயிரும்"
என்றார் டாக்டரம்மா.
அங்கிருந்த தராசில் மாடுதான் ஏறலாம்.

பதினோரு வருஷமாக நகைக்கடன் கவுண்டர்.
நின்ற இடத்திலேயே கழற்றித் தந்த தாலியைக்கூடக்
கை நடுங்காமல் நிறுத்திருக்கிறேன்.
மேனேஜர் வருமுன்
ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்து
தட்டில் இறக்கினேன்.

முப்பத்திரண்டு கிராம்.
நாலு பவுன்.
எண் நிலைக்கவில்லை.
மூச்சு ஏறி இறங்க
புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம்
மாறிக்கொண்டே இருந்தது; இருக்கட்டும், மாறட்டும்
என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

கல், அரக்கு, அழுக்கு
எதுவும் கழிக்காமல்
போனில் சொன்னேன்.