இருபத்திரண்டாம் நிமிடம்

குணாளனின் மகள் அனுப்பிவைத்தாள்,
இரைச்சல் நீக்கிய புதுப் பிரதி.
அப்பாவின் அலமாரியில் இருந்ததாம்
மூல நாடா,
பாச்சை உருண்டைகளோடு.

ரெலாவ் அடுக்ககம், பதினொன்றாவது மாடி.
துணி துவைக்கும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு
ஹெட்போனை மாட்டினேன்.

எண்பத்து மூன்று. ஒரு சனிக்கிழமை.
டத்தோ கெராமட் சாலைப் பக்கம் ஒரு பள்ளி மண்டபம்.
'கடைசி ஃபெரி' என்று பெயர் வைத்துக்கொண்ட நால்வர்.
ஒரே பாட்டை நாற்பது நிமிடம் வாசிப்பார்கள்.
பாட்டு அவர்களுக்கு
வெளியே இறங்க ஒரு வாசல், அவ்வளவுதான்.
திரும்புவார்களா என்பது
அவர்களுக்கே தெரியாது.

துணி காயப்போடும் மூங்கிலில்
இரண்டு மைக்கைக் கட்டி
நட்ட நடுவில் நின்றான் குணாளன்.
கை ஓயும்போதெல்லாம்
இசை கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.
அந்தச் சாய்வு எனக்கு மனப்பாடம்.

நாற்பது வருடமாகக் கேட்கிறேன்,
பிரதியின் பிரதியின் பிரதியை.
பட்டர்வொர்த் போகும் வழியில் ஒருமுறை
கார் மென்று துப்பிவிட்டது.
ஒட்டிய இடத்தில்
ரோஸ்லானின் ஓர் அடி காணாமல் போனது.
அந்த அடி இல்லாமலே தாளம் பழகிவிட்டேன்.
இப்போது இருக்கிறது.
தடுக்கி விழுகிறேன்.

இருபத்திரண்டாம் நிமிடம் எல்லோருக்கும் தெரியும்.
ரொசாரியோவின் கித்தார்
நிறுத்த இடம் கிடைக்காத மோட்டார் போல
ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும்.
அப்போது ஒரு பெண் கத்துவாள்:
"போதும்டா! பாட்டுக்கு வாங்கடா!"

எத்தனை சிரித்திருக்கிறோம் அவளைச் சொல்லி.
பசியாறும் கடையில், கல்யாண வரவேற்பில்,
யாராவது பேச்சை இழுத்தால்
"பாட்டுக்கு வாங்கடா" என்போம்.
நான்தான் உரக்கச் சொல்வேன்.

புதுப் பிரதியில்
கத்தலுக்குப் பின்னால் இன்னொரு குரல்.
தணிந்த குரல். சலேத்து மேரியுடையது.
"உக்காரு பூங்கா. பஸ் போனா போகட்டும்."

நிறுத்தினேன்.
மறுபடி போட்டேன்.
பூங்காவனம் என்று அந்த மண்டபத்தில்
வேறு யாராவது இருந்திருக்கலாம்.
இருந்திருக்கலாம்.

பயான் லெப்பாஸ் ஆலை பஸ்
பத்தே முக்காலுக்கு முச்சந்தியில் நிற்கும்.
இரவு ஷிஃப்ட். ஒருநாள் போகாவிட்டால்
வருகைப்படி பன்னிரண்டு வெள்ளி போய்விடும்.
அந்தப் பல்லவியை ஒருதரம்
கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தேன்.

கத்திப் பதினோரு நொடி கழித்து
இரும்புக் கதவு கீச்சிடுகிறது.
இத்தனை நாள் அதை
சிம்பல் என்று நினைத்திருந்தோம்.

அதற்கப்புறம்தான் அது.
ரொசாரியோ அந்தக் கத்தலை எடுத்துக்கொள்கிறான்.
போ. தும். டா.
மூன்று படி ஏறி
கடைசிப் படியில் எரிச்சலோடு நிற்கும் குரல்.
அதைக் கம்பியில் சொல்லிப் பார்த்து,
பேஸுக்குக் கைமாற்றி,
தலைகீழாக்கி,
கேலி கேலியாக இல்லாமல் போகும்வரை
ஒன்பது நிமிடம்.
அந்த ஒன்பது நிமிடத்துக்காகத்தான்
இந்த நாடாவை
இத்தனை வீடு மாறியும் தூக்கி எறியாமல் இருக்கிறோம்.

அந்நேரம் நான்
கண்ணாடி உடைந்த ஜன்னலோரம், பஸ்ஸில்.
பிறகு முகக்கவசம் கட்டி
நுண்ணோக்கிக்குக் கீழே
நகத்தளவு சில்லுகளில்
விட்டுப்போன கம்பியைத் தேடிக்கொண்டு.

மறுநாள் மேரி சொன்னாள்:
"கடைசி வரைக்கும் பாட்டுக்கு வரவே இல்ல.
நல்லவேளை நீ போயிட்டே."
அதையும் மறந்திருந்தேன்.

கடைசிவரை கண்ணை மூடி நின்றேன் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
சொல்லிச் சொல்லி
அந்த ஒன்பது நிமிடத்தில்
முதுகில் வியர்வை இறங்கியதுகூட
நினைவிருக்கிறது எனக்கு.

குணாளனின் மகளுக்கு
'அருமை' என்று எழுதினேன். அழித்தேன்.
'இரைச்சலோடு இருந்ததும்
உன்னிடம் இருக்கிறதா?'
என்று கேட்டிருக்கிறேன்.
இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது.
பதில் இல்லை.

துணி நுரையில் ஊறிக்கிடக்கிறது.