தண்ணீர் பிடிக்காத கல்

பீன்யா இரண்டாம் கட்டத்திலிருந்து
ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீரோடு வந்தாள் முனிலட்சுமி.
"மோந்து பாருங்க மேடம்."

நெயில் பாலிஷ் மூடியைத் திருகியதுபோல் இருந்தது.
பார்வைக்கு ஒன்றுமில்லை,
பொய் பழகியவன் முகம்போல்
அப்படியொரு தெளிவு.

"குடிக்கறதில்ல. குளிக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம்.
சின்னவனுக்கு முதுகெல்லாம் அரிப்பு.
வீட்டு ஓனரைக் கேட்டா
நீரு சென்னாகிதே, சென்னாகிதேங்கறார்.
டேங்கருக்கு எழுநூறு."

கருவி கோடு வரைந்தது.
டொலுயீன் ஒரு முனை, சைலீன் ஒரு முனை,
அப்புறம் ஒரு சிறு மேடு,
அதற்கு என் பட்டியலில் பெயரில்லை.
எங்கிருந்து வந்தது என்ற கட்டமும்
எங்கள் படிவத்தில் இல்லை.
மூன்று சுவர் தள்ளி ஒரு பெயின்ட் பட்டறை இருப்பதை
அவள்தான் சொன்னாள்,
நான் எழுதிக்கொள்ளவில்லை.

அலமாரியில் ஜியோலைட் இருந்தது,
கடுகு அளவு வெள்ளை உருண்டைகள்.
ஒரு ஸ்பூனுக்குள் தாசரஹள்ளி முழுவதையும் குடிவைக்கலாம்,
அத்தனை அறை, அத்தனை வாசல்,
எல்லா வாசலும் ஒரே அளவு.

இந்த ஊரில் நான் வீடு தேடிய வருடம்
வாசல்கள் கேட்டன:
சைவமா? எந்த ஊர்? தனியாவா?
ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?
இந்த வாசல் கேட்பது இரண்டுதான்.
உள்ளே நுழையும் உடம்பா?
தண்ணீரா நீ?
தண்ணீர் என்றால் இடமில்லை.

பிறவியில் அப்படி இல்லை இந்தக் கல்.
தண்ணீர் என்றால் உயிர்.
நெருப்பில் காட்டினால் உள்ளே ஒளித்த ஈரமெல்லாம் நுரைத்துக் கிளம்பும்,
கொதிக்கும் கல் என்றே பெயர் வைத்தார்கள்.
நாங்கள்தான் அதை நீராவியில் வாட்டி,
அமிலத்தில் ஊறவைத்து,
அலுமினியத்தை உருவி எடுத்தோம்.
கூடவே தாகமும் கழன்றுவிட்டது.
இப்போது அது எண்ணெய்ச் சாதிகளை மட்டும்
மடியில் ஏற்றிக்கொள்கிறது.

எட்டு கிராம்.
கண்ணாடிக் குழாயின் அடியில் கொஞ்சம் பஞ்சு.
அவள் மறுபடி கேன் தூக்கி வந்தாள்,
இரண்டு பஸ் மாறி.
நொடிக்கு இரண்டு சொட்டு.
பக்கத்துப் பிரஸ் மிஷின் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும்
குழாயில் தண்ணீர் லேசாக நடுங்கியது.

முதல் மணி, மணமில்லை.
ஆறாவது மணி, மணமில்லை.
நள்ளிரவில் கரண்ட் போனது,
இருட்டில் டம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்,
ஒன்றும் வராததற்காக அப்படிக் காத்திருந்தது
வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.
உப்பு அப்படியே இறங்கியது. சுண்ணாம்பும் அப்படியே.
அவை அதன் கணக்கில் இல்லை.

பத்தொன்பதாவது மணியில்
ஒரே ஒரு சொட்டில்
மெல்ல நெயில் பாலிஷ்.

அரைக் குடம். அவ்வளவுதான் தேறியது.

விடிந்ததும் வந்தாள், பெருமையாகக் காட்டினேன்.
மோந்தாள், கையில் ஊற்றித் தேய்த்தாள்,
மறுபடி மோந்தாள்.
"இது நெறஞ்சிடுச்சுன்னா?"

"உலையில் வைப்போம். ஐந்நூறு டிகிரி.
எல்லாம் காலியாகும், திரும்பப் போடலாம்."

"உள்ள இருந்தது?"

"எரிஞ்சிடும்" என்றேன்.
அவள் என்னையே பார்த்தாள்.
"முக்கால்வாசி எரியும்" என்றேன்.

புகைக்குழாய் போகும் திசையை
ஜன்னல் வழியே கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள்,
கூரை, வயர்க்கொத்து, ஒரு வேப்பங்கிளை, அதற்கப்பால்.

"அந்தப் பக்கந்தான் மேடம்
எங்க மொட்டமாடி.
துணி காயப்போட்டிருக்கேன்."

உலை ஏற்கெனவே சூடேறிக்கொண்டிருந்தது.
எழுந்து போய் அணைத்தேன்.
குழாயின் இரு முனையிலும் கார்க் அடைத்து
லேபிள் ஒட்டினேன்: நிரம்பியது.
இப்போதும் அது அலமாரியில்தான் இருக்கிறது.
அதன் பக்கத்தில் இன்னும் நான்கு.