இருபத்தெட்டாம் நாள்

தொட்டியிலிருந்து மூன்று கட்டிகளை எடுத்தேன்,
ஈரத்தைத் துடைத்துத் தராசில் வைத்தேன்.
எண் ஏழு, எட்டு, ஒன்பது.
நிறம் மட்டும் வேறு:
தேய்ந்த எருமைக் கொம்பின் சாம்பல்.

பாளையங்கோட்டை, பெருமாள்புரத்துக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட சோதனைச்சாலை.
என் வேலை உடைப்பது.
பதினோரு வருஷமாக உடைக்கிறேன்.
மேலப்பாளையத்து மாடி, வண்ணார்பேட்டைத் தூண்,
யாருடையதோ கல்யாண மண்டபம்:
எல்லாவற்றிலும் ஒரு பங்கு
என் முன்னால் நொறுங்கியிருக்கிறது.

இந்தச் சாம்பலுக்குள் இருப்பது உடைமரக் கரி.
மூலைக்கரைப்பட்டி தாண்டி
குளத்துக்குள்ளேயே காடாக நின்ற உடை.
பேச்சித்தாய் வெட்டி, டிரம்மில் அடைத்து,
காற்றுப் புகாமல் வேகவைத்தது.
"தீ இருக்கணும் மேடம்,
ஆனா அதுக்குத் திங்கக் குடுக்கக் கூடாது."
மூட்டையைத் தானே இறக்கினாள்.
கிலோவுக்கு எவ்வளவு தருவிய என்பது
அவளுடைய முதல் கேள்வி.
இரண்டாவது கேள்வியும் அதுதான்.

கொம்பையா கலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:
"அடுப்பா கட்டப் போறோம்?"

எபனேசர் சார் பலகையில் எழுதியதை
நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இப்படி.
தாழையூத்துப் பக்கம்
சுண்ணாம்புக் கல் சூளைக்குள் போகும்போது
ஒரு மூச்சு விடும்.
சிமெண்டு மூட்டையில் எடை அச்சிடுகிறார்கள், தேதி அச்சிடுகிறார்கள்,
அந்த மூச்சை அச்சிடுவதில்லை.
உடைமரம் நின்ற காலமெல்லாம்
அதே மூச்சைத்தான் உள்ளே இழுத்தது.
எரித்தால் திரும்பப் போய்விடும்.
கரியாக்கிச் சுவருக்குள் வைத்தால்
சுவர் உள்ளவரை
வாடகை தராத குடித்தனம்.

முதல் தொகுதியில் ஐந்து சதம் போட்டோம்.
கலவை கரண்டியில் ஒட்டாமல் வறண்டது,
ஐந்நூறைத் தொடுமுன்னே
பொரிவிளங்காய் உருண்டை மாதிரி உதிர்ந்தது.
"செத்தும் உடைக்குப் புத்தி மாறல,
குளத்தைக் குடிச்சுது, இப்பம் கலவையைக் குடிக்கி"
என்று கொம்பையா சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினேன்.
எழுதும்போதுதான் உறைத்தது,
அவர் சொன்னது கேலி இல்லை, விடை.

அப்படியானால் முதலிலேயே குடித்துவிட்டு வரட்டும்.
கொண்டைக்கடலை போல ராத்திரி முழுக்க ஊறவைத்தோம்.
மாவாகச் சலித்து, இரண்டே சதம்.
மேல் ஈரம் காய்ந்த பின்பும்
சிமெண்டுக்கு உள்ளே தாகம் இருக்கும்.
அப்போது கரி
தன் ஓட்டைகளில் பதுக்கியதைச் சொட்டுச் சொட்டாக விட்டதாம்.
குடித்த தண்ணீரை அந்த மரம்
திருப்பிக் கொடுத்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று இருபத்தெட்டாம் நாள்.
பொத்தானை அமுக்கினேன்.
முள் முந்நூறு, ஐந்நூறு.
அறுநூறில் கொம்பையா
காதில் செருகிய பீடியைக் கையில் எடுத்தார்.
எழுநூறு.
எழுநூற்று நாற்பத்திரண்டில் ஒரு முனகல்,
மூலையில் மயிரிழை,
பிறகு எல்லாப் பக்கமும்.

கரி போடாத கட்டி எழுநூற்று முப்பத்தெட்டு.
நாலு கூடியதைப் பெரிதாகச் சொல்ல முடியாது,
அது கருவியின் தடுமாற்றமாகவும் இருக்கலாம்.
குறையவில்லை.
அதைத்தான் அடிக்கோடிட்டேன்.
கொம்பையா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் தன் வண்டி ஸ்டாண்டுக்கு
அண்டக் கொடுத்தார்.

மதியம் பேச்சித்தாய் போன் பண்ணினாள்.
"நின்னுச்சா?"
"உடைஞ்சுது" என்றேன், பழக்கத்தில்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
அவசரமாகச் சொன்னேன்,
எவ்வளவு பாரத்தில் உடைந்தது,
உடைவதற்காகத்தான் வைத்தோம் என்று.
"அப்பம் நின்னுச்சுன்னு சொல்லுங்களேன்.
சரி, கிலோவுக்கு?"

அடுத்த வாரம் பதினாலு சாக்கடை மூடி வார்க்கிறோம்.
வீடு இல்லை, பாலம் இல்லை, மூடி.
மேலே சைக்கிள் போகும், கீழே தெருவின் கழிவு.
மரம் இழுத்த மூச்சு நடுவில் இருக்கும்.
ஆர்டர் தாளில்
சிமெண்டுக்கு விலை உண்டு, மணலுக்கு உண்டு,
ஜல்லிக்கு உண்டு, லாரிக்கு உண்டு.
கரிக்கு நேரே உள்ள கட்டம்
காலியாக இருக்கிறது.
பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன்.